மூக்கால் அழாதவர்கள்

கெட்டில் குன்றின் உச்சிக்கு ஆடுகூட ஏறாது. ஏறி என்ன செய்யும்? புல் கிடையாது. பாறை, பாறைக்கு நடுவே சேறு, சேற்றுக்கு மேலே பனி, அவ்வளவுதான். ஃபாக்லண்ட் தீவுக்காரர்கள் காலங்காலமாக அந்தக் குன்றைச் சுற்றிக்கொண்டு போனார்களே தவிர, மேலே என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றியதில்லை. 1982 மே மாதக் கடைசியில் அதற்குத் திடீரென்று மவுசு வந்தது. அங்கிருந்து பார்த்தால் தலைநகரம் தெரியும் என்று, தீவுகளை மீட்க வந்த பிரிட்டிஷ் கப்பலில் யாரோ ஒருவர் வரைபடத்தின் மேல் விரலை வைத்துச் சொல்லிவிட்டார். அதே வாரம், தீவுகளைப் பிடித்துக்கொண்டு தலைநகரில் உட்கார்ந்திருந்த ஒரு அர்ஜென்டினா அதிகாரியும் இன்னொரு வரைபடத்தில் அதே புள்ளியில் விரலை வைத்தார். இரண்டு விரல்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவன் கார்ப்பரல் கெத்தின் ப்ரோபர்ட்.

கெத்தின் வேல்ஸ்காரன். சாதாரணக் காலாட்படையிலிருந்து தேர்வாகி ரெஜிமென்டுக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. எந்த ரெஜிமென்ட் என்று கேட்கக்கூடாது. 'ரெஜிமென்ட்' என்று மட்டும் சொன்னால் உலகத்துக்கே புரியும் என்று அதில் இருந்தவர்கள் நம்பினார்கள். முதுகில் கல் மூட்டையோடு மலை மலையாக ஏற விட்டு, நூறு பேரில் தொண்ணூறு பேரைத் துரத்திவிட்டு, மிச்சப் பத்துப் பேரை மட்டும் வைத்துக்கொள்ளும் இடம் அது. அந்தப் பத்துப் பேருக்கும் எழுதப்படாத சட்டம் ஒன்று உண்டு. குளிர் என்று சொல்லக்கூடாது. பசி என்று சொல்லக்கூடாது. வலி என்று மட்டும் சொல்லவே கூடாது. கொள்ளையடித்தவனைக்கூட மன்னிப்பார்கள். மூக்கால் அழுகிறவனை மன்னிக்க மாட்டார்கள்.

இதனால் அவர்களுக்குள் தனியாக ஒரு அகராதியே உருவாகியிருந்தது. 'கொஞ்சம் ஈரம்' என்றால் இடுப்பளவு தண்ணீர். 'சின்னக் கீறல்' என்றால் எலும்பு முறிவு. 'ஆள் அவ்வளவு சுகமில்லை' என்றால் சவப்பெட்டிக்கு அளவெடுக்கலாம். கப்பலில் இருந்த தலைமையிடத்துக்கும் இந்தக் கணக்கு தெரியும். எது வந்தாலும் பத்தால் பெருக்கிக்கொள்வார்கள். வழக்கமாக இதில் பெரிய கோளாறு வருவதில்லை.

குழுவில் நாலு பேர். தலைவர் கேப்டன் ஹ்யூகோ லார்க்கம், வயது இருபத்தாறு, எதிரியைவிடத் தன் ஆட்களைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தார். அவரை 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். சொன்னபடி கேட்க வேண்டும் என்ற அர்த்தம் அதில் இல்லை. ரேடியோவைச் சுமந்தவன் மங்கோ டெய்ட், ஸ்காட்லாந்தின் வடகோடி மீனவக் குடும்பம், கெத்தினுக்கு ஆறு வருஷக் கூட்டாளி. நாலாவது ஆள் ஸ்டான் ராட்லி, பர்மிங்ஹாம்காரன், வாயில் எப்போதும் ராணுவ பிஸ்கட். கெத்தின் குழுவுக்கு வைத்தியன். நிஜ டாக்டர் இல்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் விபத்துப் பிரிவில் சில வாரம் நின்று, தைக்கவும் குத்தவும் கட்டவும் கற்றவன். ஒருவன் எப்போது சாவான் என்று கணக்குப் போட அந்தப் படிப்பே போதுமானதாக இருந்தது.

மூன்று நாளாகக் குன்றின் உச்சிக்குக் கீழே பாறை இடுக்கில் படுத்துக் கிடந்தார்கள். கால்கள் மரத்துப் போய்விட்டன. நாலாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, அந்தத் தென்கோடிக் குளிர்காலத்தில் வெளிச்சம் வந்து சிறிது நேரத்தில், மறுபக்கச் சரிவிலிருந்து ஆறு பேர் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்தார்கள். அர்ஜென்டினா கமாண்டோக்கள். அவர்களும் நூறு பேரில் பத்துப் பேராகப் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். அவர்களிடமும் உச்சியில் யாரும் இல்லை என்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"மாப்ளே," என்றான் ஸ்டான், பிஸ்கட்டை விழுங்கிக்கொண்டே. "விருந்தாளிங்க வந்திருக்காங்க."

பிறகு நடந்தது பன்னிரண்டு நிமிஷம். இரண்டு நாடுகளும் தங்களிடம் இருந்ததிலேயே அதிகச் செலவு செய்து வளர்த்த ஆட்களை அந்தப் பாறைகளுக்கு நடுவில் மோதவிட்டிருந்தன. அவ்வளவு பயிற்சிக்கும் அங்கே வேலை இல்லை. பத்தடி தூரத்தில் மூடுபனிக்குள் எவனோ அசைகிறான், சுடு. கல்லுக்குப் பின்னால் இருமல் சத்தம், குண்டை உருட்டு. ஊர்ச் சண்டையில் தெருப் பையன்கள் செய்வதைத்தான் செய்தார்கள், கையில் இருந்த சாமான்தான் விலை கூடியது. ஓய்ந்தபோது அர்ஜென்டினாக்காரர்களில் இரண்டு பேர் செத்துக் கிடந்தார்கள், மூன்று பேர் வந்த வழியே இறங்கிவிட்டார்கள், ஒருவன் கணுக்கால் உடைந்து பிடிபட்டான். இந்தப் பக்கம் மூன்று பேருக்கு ஒன்றுமில்லை. மங்கோ மட்டும் ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்து, எதையோ மறந்துவிட்டவன் மாதிரி தன் இடது தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கெத்தின் கால்சட்டையைக் கிழித்தான். குண்டு தொடையின் மேல்பாகத்தில், இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நுழைந்திருந்தது. இறுக்கிக் கட்ட இன்னும் இரண்டு அங்குலம் இடம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை. துணியைத் திணித்துத் தன் முழங்காலை அதன் மேல் வைத்து முழு எடையோடு அழுத்தினான். ரத்தம் நின்ற மாதிரி இருந்தது. கெத்தின் மனசுக்குள் கணக்குப் போட்டான். நல்லபடியாகப் போனால் நாலு மணி நேரம். கால் வேண்டுமென்றால் அதில் பாதி.

"எப்படிடா இருக்கு?"

"ஒண்ணுமில்ல," என்றான் மங்கோ. "தேனீ கொட்டின மாதிரி இருக்கு. நீ ஏன்டா மேல ஏறி உக்காந்திருக்க? உன் வெயிட்டுதான் வலிக்குது."

ரேடியோ மங்கோவின் முதுகில்தான் இருந்தது. அவன்தான் குழுவின் வாய். காயம்பட்டவர்கள் பற்றித் தலைமையிடத்துக்கு அறிக்கை சொல்ல வேண்டியதும் அவன்தான். உடனே தூக்க வேண்டியவன் முதல் வரிசை, சில மணி நேரம் தாங்குவான் என்றால் இரண்டு, நாளைக்கு வந்தாலும் போதும் என்றால் மூன்று. கைதியின் கணுக்காலை இரண்டாம் வரிசையில் போட்டான் மங்கோ. பிறகு ஒரு நொடி நிறுத்தினான்.

"நம்ம பக்கம் ஒருத்தர், மூணாம் வரிசை," என்றான். "ஒண்ணுமில்ல. ஓவர்."

கப்பலில் இருந்த மேஜர் வழக்கம்போலப் பத்தால் பெருக்கியிருப்பார். ஒன்றுமில்லை என்பதைப் பத்தால் பெருக்கினாலும் ஒன்றுமில்லைதான். ஹெலிகாப்டர்களுக்குத் தட்டுப்பாடு, பாதிக்கு மேல் ஒரு கப்பலோடு கடலுக்கு அடியில் போய்விட்டன, மிச்சம் இருப்பவை மும்முரமாக இருக்கின்றன, நாளை மதியம் பார்க்கலாம், அதுவரை குன்றை விட்டுவிடாதீர்கள், சபாஷ் என்று பதில் வந்தது. ஹெலிகாப்டர்கள் மும்முரமாக இருந்ததும் பொய்யில்லை. ஒன்று அந்த நேரத்தில் இரண்டு அதிகாரிகளையும் ஒரு பத்திரிகைக்காரரையும் ஏற்றிக்கொண்டு, ஏற்கெனவே பிடித்துவிட்ட இன்னொரு குன்றைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தது.

கைதியின் பெயர் பவுடிலியோ ஃபெரெய்ரா, சார்ஜென்ட். அவனுக்கு இந்த எழுதப்படாத சட்டமெல்லாம் தெரியாது. கணுக்காலைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினான். மாதாவைக் கூப்பிட்டான், தன் அம்மாவைக் கூப்பிட்டான், இந்தக் குன்றைக் கண்டுபிடித்தவனின் அம்மாவையும் விட்டுவைக்கவில்லை. கத்தல் தாங்காமல் கெத்தின் அவனுக்கு முதலில் மார்ஃபின் குத்தினான். பிறகுதான் மங்கோவுக்கு. கேட்டவனுக்குத்தானே முதலில் கிடைக்கும். அதில் என்ன தப்பு என்று அப்போது அவனுக்குத் தோன்றவும் இல்லை.

பத்தரை மணிக்குத் துணியை மீறி ரத்தம் வந்தது. கெத்தின் ஸ்டானை முழங்காலால் அழுத்தச் சொல்லிவிட்டு கேப்டனிடம் போனான்.

"பாஸ், அது மூணாம் வரிசை இல்ல."

கேப்டன் லார்க்கத்தின் முகம் வெளுத்தது. முடிவு எடுக்க வேண்டிய நேரத்தில் அவர் முகம் அப்படித்தான் ஆகும். நல்லவேளையாக ரெஜிமென்டில் அதற்கும் ஒரு வழி உண்டு. பாராளுமன்றம் என்று பெயர். சிக்கல் வந்தால் பதவி பார்க்காமல் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கருத்துச் சொல்லி, பெரும்பான்மைப்படி நடப்பார்கள். வேறு எந்தப் பட்டாளத்திலும் கிடையாது என்று இதில் அவர்களுக்கு ஏகப்பட்ட பெருமை.

அப்படித்தான் அந்தச் சேற்றில், ரத்தம் ஒழுகுகிறவனைச் சுற்றி, பாராளுமன்றம் கூடியது.

"மங்கோ, நீதான் சொல்லணும்," என்றார் கேப்டன். "வரிசைய மாத்தவா?"

"எதுக்கு பாஸ்? நாளைக்கு வருவாங்கல்ல. அதுவரைக்கும் இவன் முழங்கால எடுத்தா போதும்."

"ஸ்டான்?"

ஸ்டான் மங்கோவின் முகத்தைப் பார்க்கவில்லை. "அவன் கால். அவனே ஒண்ணுமில்லங்கிறான். நாம போய் அழுது வடிஞ்சா, ஊருக்குப் போனப்புறம் இவன் நம்மள உரிச்சு எடுத்துடுவான்."

"நான் மங்கோ சொல்றபடிதான்," என்றார் கேப்டன் அவசரமாக. "கெத்தின்?"

இந்த இடத்தில் கெத்தின் சொல்லியிருக்க வேண்டியதை அவன் பிறகு ஆயிரம் தடவை சொல்லிப் பார்த்திருக்கிறான், பஸ்ஸில், கழிப்பறையில், மனைவி பக்கத்தில் தூங்கும்போது. அன்றைக்கு மூன்று ஜோடிக் கண்கள் அவனைப் பார்த்தன. அதில் ஒரு ஜோடி மங்கோவுடையது. வாயைத் திறந்தால் உன்னை மதிக்க மாட்டேன் என்று அவை சொல்லிக்கொண்டிருந்தன.

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம்," என்றான் கெத்தின்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நாலுக்குப் பூஜ்யம்.

கொஞ்ச நேரம் ஒரு மணி நேரத்தைத் தாண்டியது. மங்கோவின் உதடுகள் வெளிறி, பிறகு சாம்பல் நிறமாயின. கிண்டல் குறைந்தது. கெத்தின் நாடி பார்க்கும்போதெல்லாம் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிற்று, துடிப்பு மெலிந்துகொண்டே வந்தது. கேப்டன் உச்சிக்குப் போய் தொலைநோக்கியில் தலைநகரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூடுபனியில் தலைநகரம் தெரியவில்லை. ஸ்டான் துப்பாக்கியைத் துடைத்தான், அது ஏற்கெனவே துடைத்த துப்பாக்கி.

கைதி ஃபெரெய்ரா மட்டும் உடைந்த காலை இழுத்துக்கொண்டு பாறை பாறையாகத் தவழ்ந்து வந்தான். யாரும் தடுக்கவில்லை. மங்கோவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு கெத்தினைப் பார்த்தான். ஹோட்டல் வேலையில் கற்ற ஆங்கிலம் அவனுடையது.

"இவன் சாகுறான்."

"தெரியும்."

"தெரியும்? அப்போ ரேடியோ இருக்கு. நீ பேசு."

"பேசியாச்சு."

"என்ன பேசின?"

கெத்தினுக்குப் பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. "ஒண்ணுமில்லன்னு."

ஃபெரெய்ரா சரியாகத்தான் காதில் விழுந்ததா என்பதுபோல அவனை வெறித்துப் பார்த்தான். "என் கால், சின்ன எலும்பு. நான் கத்தினேன். ஊசி வந்துச்சு. இவன் ஏன் கத்தலை? நீ ஏன் கத்தலை?"

"நாங்க கத்த மாட்டோம்."

"ஓ," என்றான் ஃபெரெய்ரா. "அப்போ சாவீங்க." கேலியாகச் சொல்லவில்லை. ஒரு ஊரின் வழக்கத்தைத் தெரிந்துகொண்டவன் மாதிரிதான் சொன்னான். பிறகு தன் சட்டைக்குள்ளிருந்து ஜெபமாலையை எடுத்து, எதிரியின் நெஞ்சில் வைத்து, முணுமுணுக்க ஆரம்பித்தான். அதைப் பார்த்ததும்தான் கெத்தினுக்குள் ஏதோ அறுந்தது. தன் ஆறு வருஷக் கூட்டாளிக்காக வாய்விட்டுக் கேட்க, சற்று முன் அவனைக் கொல்ல வந்தவன்தான் இருக்கிறான்.

ரேடியோவின் கைக்கருவியை எடுத்தான்.

"டேய்," என்றான் மங்கோ, கண் திறக்காமலே. "வேணாம்டா."

"வாய மூடு."

ரேடியோவில் பேச நூறு விதி உண்டு. பெயர் சொல்லக்கூடாது, இடம் சொல்லக்கூடாது, சங்கேத எண்ணில் பேச வேண்டும், நாற்பது நொடிக்கு மேல் பேசக்கூடாது. கெத்தின் அந்த நூறையும் ஒரே மூச்சில் மீறினான்.

"கப்பல்ல யாரு இருக்கீங்க? நான் கெத்தின் ப்ரோபர்ட். கெட்டில் குன்று, உச்சிக்கு வடக்குப் பக்கம். என் ஃப்ரெண்டு சாகறான். மங்கோ டெய்ட். முப்பத்தோரு வயசு. பொண்டாட்டி பேரு ஐலி. ஒண்ணுமில்லன்னு சொன்னது பொய். எல்லாரும் சேந்துதான் பொய் சொன்னோம், நானும்தான். தொடையில பெரிய ரத்தக்குழாய் போயிருச்சு. ப்ளீஸ். யாராவது வாங்க. நாளைக்கு வேணாம், இப்ப வாங்க. நான் கெஞ்சிக் கேக்கறேன், கால்ல விழுந்து கேக்கறேன், ப்ளீஸ்..."

அதற்கு மேல் பேச்சு இல்லை. அழுகைதான். முப்பது வயது ஆண்பிள்ளை, கொல்லத் தெரிந்தவன், திறந்த அலைவரிசையில் தேம்பித் தேம்பி அழுதான். விரல் பொத்தானிலிருந்து எடுக்கப்படவில்லை. கப்பலில் கேட்டது, பக்கத்துக் குன்றில் கேட்டது, கடற்படையில் பாதிப் பேர் கேட்டார்கள். எதிரியும் கேட்டான். ஆனால் ஒரு பீரங்கிக் குண்டும் விழவில்லை. பிரிட்டிஷ் சிறப்புப் படைக்காரன் ரேடியோவில் இப்படி அழ வாய்ப்பே இல்லை, இது ஏதோ வலை என்று தலைநகரில் முடிவு செய்துவிட்டார்களாம்.

ஸ்டான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கேப்டன் உச்சியிலிருந்து ஓடிவந்து நின்றார்.

முப்பத்தைந்து நிமிஷத்தில் ஹெலிகாப்டர் வந்தது. சுற்றிப் பார்க்கப் போயிருந்த அதே ஹெலிகாப்டர். ரேடியோவில் கேட்ட விமானி இரண்டு அதிகாரிகளையும் பத்திரிகைக்காரரையும் வெட்டவெளியில் இறக்கி நிறுத்திவிட்டு, யாரையும் கேட்காமல் திருப்பிக்கொண்டு வந்திருந்தான். மங்கோவை ஏற்றினார்கள். பக்கத்தில் ஃபெரெய்ராவையும் ஏற்றினார்கள், அவன் போகும்போதும் கத்திக்கொண்டேதான் போனான்.

மங்கோ பிழைத்தான். ஆஸ்பத்திரிக் கப்பலில் இடுப்புக்குச் சற்றுக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் கால் மிஞ்சியிருக்கும் என்று அறுவை செய்த டாக்டர் யாரிடமோ சொல்லி, அது கெத்தின் காதுக்கும் வந்து சேர்ந்தது. பாராளுமன்றம் கூடிய நேரத்திலிருந்து அவன் ரேடியோவை எடுத்த நேரம் வரைக்கும் சரியாக ஒரு மணி பத்து நிமிஷம்.

பிறகு கெட்டில் குன்றுக்கு யாரும் வரவில்லை. மறுநாளே கப்பலில் விரல் வேறு குன்றுக்கு நகர்ந்துவிட்டது. படைகள் தெற்குப் பக்கமாகத் தலைநகருக்குப் போய்ச் சேர்ந்தன, போரும் இரண்டு வாரத்தில் முடிந்தது. கேப்டன் லார்க்கத்துக்குப் பதக்கம் கிடைத்தது. முக்கியமான உயரத்தை நெருக்கடியிலும் நிதானம் இழக்காமல் காத்ததற்காக என்று அதில் எழுதியிருந்தது. கெத்தினை ஒரு கர்னல் கூப்பிட்டு, நாற்காலி போட்டு, தேநீர் கொடுத்து, மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"உன் மேல யாருக்கும் கோபம் இல்ல, கெத்தின். நானா இருந்தாலும் மனசு கேக்காதுதான். ஆனா ரேடியோவுல இடத்தச் சொல்லிட்ட. அப்புறம் அந்த... அந்தச் சத்தம். பசங்க உன்கூட வெளிய போக ஒரு மாதிரி நெனைப்பாங்க. பழைய பட்டாளத்துக்கே போயிடேன். அங்க உனக்கு நல்லாருக்கும்."

திருப்பி அனுப்புவதுதான் ரெஜிமென்டின் மரண தண்டனை. அடுத்த நாளே பையைக் கட்டிக்கொண்டு போய்விட வேண்டும், வழியனுப்ப ஒருவரும் வர மாட்டார்கள். வரவில்லை.

ஆகஸ்டில் கெத்தின் இங்கிலாந்தின் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனான். நீளமான வார்டு. இரண்டு பக்கமும் கட்டில்கள், கட்டிலுக்கொரு இளைஞன், ஒவ்வொருவனிடமும் ஏதோ ஒன்று குறைந்திருந்தது. ஒருவனும் முனகவில்லை. வார்டே பரீட்சை மண்டபம் மாதிரி அமைதியாக இருந்தது. மங்கோ ஜன்னலோரக் கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.

"வாடா, ரேடியோ பாகவதர்," என்றான் மங்கோ. "கடற்படை முழுக்க உன் கச்சேரியத்தான் கேட்டுச்சாமே."

"ஆமா."

"கப்பல்ல ஒரு சமையக்காரன் எனக்கு நடிச்சுக் காட்டினான்டா. மூக்கு சிந்துறது வரைக்கும். என் பேரு, என் பொண்டாட்டி பேரு, எல்லாத்தையும் சொல்லியிருக்க. எனக்கு மானம் போச்சு."

"உசிரு இருக்குல்ல."

"உன்னை யாருடா கேட்டா?" மங்கோ பேப்பரை மடக்கினான். திரும்பத் திரும்ப மடக்கினான், கையளவு ஆகும்வரை. "துரத்திட்டாங்களாமே."

"ம்."

"நல்லா வேணும்."

கெத்தின் நாற்காலியில் உட்கார்ந்தான். வேணும்தான் என்று அவனுக்கும் தோன்றியது, ஆனால் வேறு காரணத்துக்காக. அழுததற்காக இல்லை. ஒரு மணி பத்து நிமிஷம் அழாமல் இருந்ததற்காக. அதைச் சொல்லத்தான் ரயிலேறி வந்திருந்தான். வழியெல்லாம் வாக்கியத்தைத் தயார் செய்திருந்தான். வாய் வரவில்லை. மங்கோவின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்பதை அப்போதுதான் கவனித்தான். போர்வையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல."

"மங்கோ."

மங்கோ வார்டின் அந்தக் கோடி வரை ஒருமுறை பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். திருட்டுப் பொருளைக் கைமாற்றுகிறவன் மாதிரி மெதுவாகச் சொன்னான்.

"வலிக்குதுடா. தாங்க முடியல. ரெண்டு மாசமா ஒரு நாள்கூட தூங்கல."

"எங்க வலிக்குது?"

"கால்." மங்கோ போர்வையின் தட்டையான பக்கத்தைப் பார்த்தான். "இந்தக் கால்தான். இல்லாத கால் வலிக்குதுன்னு எவன்கிட்டடா போய்ச் சொல்றது? ஐலிகிட்டகூடச் சொல்லல. டாக்டர் தினமும் வந்து எப்படி இருக்கன்னு கேக்கறார்."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்லன்னுதான்," என்றான் மங்கோ. அவன் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, அதைத் துடைக்கவும் அவனுக்குத் தோன்றவில்லை.

கெத்தின் எழுந்தான். வார்டின் நடுவில் போய் நின்று மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, இருபது கட்டில்களும் திரும்பிப் பார்க்கும்படி, தாழ்வாரக் கோடியில் இருந்த நர்ஸ் கையில் இருந்த தட்டைக் கீழே போடும்படிக் கத்தினான்.

"நர்ஸ்! இங்க ஒருத்தனுக்கு வலிக்குது! சீக்கிரம் வாங்க!"

மங்கோ இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். வேணாம் என்று மட்டும் அவன் சொல்லவில்லை.

நர்ஸ் ஓடி வந்தாள். அவள் மங்கோவின் கட்டிலை அடைவதற்கு முன்பே எதிர்வரிசையில், முகமெல்லாம் கட்டுப் போட்டுக் கிடந்த ஒருவன் தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான். அவனுக்குப் பக்கத்துக் கட்டிலிலும் ஒரு கை உயர்ந்தது.